மஞ்சள் பூத்த சதுப்பு

சதுப்பு முழுக்க மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வசம்புக் கிழங்கு தோண்ட வந்த மாசிலாமணி அதைப் பார்த்ததும் சேறென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வசம்பு இப்படி மஞ்சள் இதழ் விரித்துப் பூக்காது. படித்தவர்கள் ஐரிஸ் என்று சொல்கிற செடி இது. கிழங்கு நஞ்சு. போன மாதம் பூவில்லாமல் வாள் வாளாக நின்ற இலையை வசம்பென்று நம்பி, இதே இடத்தில்தான் அவர் தோண்டினார். தோண்டிய கிழங்கை ஒடித்து முகர்ந்து பார்க்காமல் பையில் போடக் கூடாது. வசம்பென்றால் வாசம் தூக்கும்; குரு சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான். அன்றைக்குப் பார்த்து ஜலதோஷம், மூக்கு அடைத்திருந்தது. இலையைப் பார்த்தால் தெரியாதா என்று இருந்துவிட்டார், பாவி மனுஷன்.

அந்தக் கிழங்கைத்தான் பிள்ளைக்கு மருந்து கேட்டு வந்த செல்லக்கிளியிடம் கொடுத்தார். அவள் அதைச் சுட்டு, பாலில் உரைத்து, வயிற்றுவலியில் வீறிட்ட தன் கைக்குழந்தையின் நாக்கில் தடவினாள். பிள்ளை வாந்தியெடுத்தே போய்ச்சேர்ந்தது.

மாசிலாமணி நேரே போய் நின்றபோது குரு வடிவாம்பிகை மருந்து இடித்துக்கொண்டிருந்தாள். சீடரைவிட வயதில் இளையவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வைத்தியம் படிக்க வந்தவர் அவர். சேற்றுக் காலோடு நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் உலக்கையைக் கீழே வைத்தாள்.

"செடி மேல தப்பில்லைங்கம்மா. அது பாட்டுக்கு நின்னுச்சு. நான்தான்..."

"ஆமா. நீங்கதான்."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். அவள் இடித்த மருந்தை மூடி வைத்தாள்.

"செல்லக்கிளிக்கு எதுவும் தெரியாது. நோவு கொண்டுபோயிடுச்சுன்னு நினைக்கிறா. உங்களால ஆனதைச் செஞ்சீங்க ஐயான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. வர்ற வழியில பார்த்தேன், பிள்ளையைப் புதைச்ச இடத்துல இந்தப் பூவைத்தாம்மா பறிச்சு வச்சிருக்கா."

குரு கண்ணை மூடிக்கொண்டாள்.

"தன் கையாலயே கொடுத்தோம்னு தெரிஞ்சா அவ உயிரோட இருப்பாளா? சொல்லாம இருக்கிறதுதானே கருணை?"

"நீங்க கொடுத்த கிழங்கை முழுசாவா உரைச்சா?"

"நுனியை மட்டுந்தான்."

"மிச்சம்?"

மாசிலாமணி சட்டென்று நிமிர்ந்தார்.

"தங்கச்சி பிள்ளை பெத்து வந்திருக்கா, அந்தக் குழந்தைக்கு ஆகும்னு எடுத்து வச்சிருக்கேன்னு செல்லக்கிளி சொன்னாளே..."

 செல்லக்கிளி வீட்டுக்குக் கிளம்பினார்.  வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னை மன்னிப்பாளாம்மா?"

"அதுக்கா போறீங்க?"