சிப்பி வாய் மூடிக்கொண்ட நாள்

அந்தக் காலத்தில் சிப்பி வாயைத் திறந்துதான் வைத்திருக்கும். நம்மைப் போலப் பேசும். யார் கூப்பிட்டாலும் உடனே "என்ன?" என்று கேட்டுவிடும். கேட்காமல் இருக்க அதனால் முடியாது.

அப்போது இரும்பு கிடையாது, சவரக் கத்தியும் கிடையாது. தாடி எடுக்கணும், தலையை மழிக்கணும் என்றால் கடற்கரைக்குத்தான் வரணும். சிப்பி தன் உதட்டு ஓரத்தால் வலிக்காமல் வழித்துவிடும். ஒன்றே ஒன்றுதான் சொல்லி வைத்திருந்தது. "வேலை செய்யும்போது என்னைக் கூப்பிடாதீங்க. வாய் அசைஞ்சா ஓரம் வழுக்கிரும்."

நாச்சி என்று ஒருத்தி. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து ஒரு பிள்ளை பெற்றாள். அந்தப் பிள்ளைக்கு முதல் முடி எடுக்கிற நாள். அவள் அண்ணன் கொம்பையா பிள்ளையை மடியில் வைத்து மணலில் உட்கார்ந்தான். சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நின்றது.

"ஏ சிப்பி, என் மருமவன் முடி கூரை ஓலை மாதிரி அடர்த்தி. உன் உதடு தேஞ்சிரப் போவுது!"

"உன் தாடியையே வழிச்சவ நான். இது எனக்குப் பஞ்சு."

எல்லோரும் சிரித்தார்கள்.

பாதித் தலை ஆனதும் பிள்ளை வீறிட்டது. மூச்சு விடாமல் அழுதது. கூப்பிடக் கூடாது என்று நாச்சிக்குத் தெரியும். தெரிந்தும் வாய் தவறிவிட்டது.

"சிப்பியக்கா, மெதுவா!"

பிள்ளை அழுத சத்தத்தில் வேறு யாருக்கும் அது கேட்கவில்லை. சிப்பிக்குக் கேட்டது.

"என்ன தங்கச்சி?"

ஓரம் வழுக்கிவிட்டது. காதுக்கு மேலே கிழிந்து, பிள்ளையின் கழுத்துவரை ரத்தம் வழிந்தது.

"பச்சப்பிள்ள தலையில உதட்ட வச்சிட்டு உனக்கு என்ன பேச்சு?" என்று கொம்பையா கத்தினான்.

"கூப்பிட்டாங்க."

"எவ கூப்பிட்டா? சொல்லு!"

சிப்பி பெயரைச் சொல்லவில்லை. நாச்சியைப் பார்த்தது. அவளே சொல்வாள் என்று காத்திருந்தது.

நாச்சி தலையைத் தூக்கினாள். அண்ணன், மாமியார், புருஷன், இன்னும் எத்தனையோ முகம். குனிந்து பிள்ளையின் காயத்தில் முந்தானையை அழுத்திக்கொண்டாள்.

"பொய் வேற சொல்லுதியா?" என்று கொம்பையா சிப்பியை எடுத்துக் கடலில் வீசினான்.

நாலு நாளில் பிள்ளைக்குக் காயம் ஆறிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில், தண்ணீர் வற்றியிருந்த நேரம், நாச்சி தனியாக வந்தாள். ஈர மணலைத் தோண்டித் தோண்டிச் சிப்பியைக் கண்டுபிடித்தாள்.

"அக்கா, நான்தான் கூப்பிட்டேன். எல்லார்கிட்டயும் சொல்லிருதேன். அக்கா?"

யார் கூப்பிட்டாலும் என்ன என்று கேட்கிற சிப்பி இறுக மூடிக் கிடந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெயில் ஏறும்வரை கூப்பிட்டாள். மாரில் பால் கட்டி வலித்தது. பிள்ளைக்குப் பசிக்குமே என்று அதை மணலில் வைத்துவிட்டுப் போனாள். போய் எல்லோரிடமும் உண்மையைச் சொன்னாள்தான். அந்த ஒரு வாயைத் திறக்க அது போதவில்லை.

மனுஷன் பிறகு இரும்பைத் தேடிப் போனான். அதை எத்தனை தரம் கூப்பிட்டாலும் பேசாது.

அன்று முதல்தான் மனுஷக் கை பட்டதும் சிப்பி வாயை மூடிக்கொள்கிறது. பிள்ளைக்கு முதல் முடி இறக்கும்போது, அது எவ்வளவு அழுதாலும், பெற்றவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.