ஆமை போட்ட தேதி

காட்டோரத்தில் ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் செவலை என்ற கிழ நாயும் சுட்டி என்ற வெள்ளாடும் குடியிருந்தன. நரி வந்தால் குரைப்பது செவலையின் வேலை. மற்ற நேரமெல்லாம் செவலையை வம்புக்கு இழுப்பது சுட்டியின் வேலை.

குளத்தில் ஓர் அட்டை வைத்தியர் இருந்தார். ஒரு சொட்டு இரத்தத்தைச் சுவைத்தே உடம்பில் உள்ளதைச் சொல்லிவிடுவார். வருஷத்துக்கு ஒருமுறை, கொன்றை பூக்கும்போது, எல்லோரும் அவரிடம் காலை நீட்ட வேண்டும். குளத்து ஆமை எப்போதோ போட்ட சட்டம் அது.

அந்த ஐப்பசியில் சுட்டி ஒன்றைக் கவனித்தது. செவலை ஓயாமல் தண்ணீர் குடித்தது. ஆசையாகத் தின்னும் கருவாட்டைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது. சுட்டி உடனே அதன் அருகில் போய்க் கேட்டது.

“அண்ணே, வைத்தியரைப் பார்த்துட்டு வந்துடலாமா?”

“கொன்றை பூத்தப்பதானே பார்த்தேன்? கல்லு மாதிரி இருக்கேன்னாரு. அடுத்த கொன்றைக்குப் பார்த்துக்கலாம், போ.”

நாய்களின் குணமே இதுதான். வலித்தால் வாலை ஆட்டி மறைத்துவிடும். கெஞ்சினால் காரியம் நடக்காது என்று சுட்டிக்குத் தெரியும்.

மறுநாள் காலை அது நொண்டிக்கொண்டே வந்தது. “கால்ல முள்ளு ஏறிடுச்சு அண்ணே. வைத்தியர்கிட்டப் போகணும். ஆனா கடிப்பாரேன்னு பயமா இருக்கு. நீ முதல்ல காலை நீட்டிக் காட்டினா நானும் நீட்டுவேன்.”

“இதுக்குப் போய் பயமா? வா!” என்று செவலை முன்னால் நடந்தது. வழியில் சுட்டி இரண்டு முறை காலை மாற்றி நொண்டிவிட்டது. கிழத்துக்குக் கண் மங்கல் என்பதால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டது.

“பயப்படாதே, ஒரு சொட்டுதான். என் சாப்பாடு முன்னாடியே முடிஞ்சுது” என்றார் வைத்தியர். செவலை நீட்டிய காலில் சுவைத்தார். அவர் முகம் மாறியது.

“செவலை, உன் சிறுநீரகம் களைச்சுப் போயிருக்கு. இப்ப வந்ததால மருந்துக்குக் கேட்கும். கருவாட்டை மறந்துடு. கொன்றை பூக்குற வரைக்கும் காத்திருந்தா, அந்தப் பூவைப் பார்க்க நீ இருந்திருக்க மாட்டே.”

சுட்டி நொண்டுவதை மறந்து ஓடிப்போய், செவலையின் கழுத்தில் தலையைப் புதைத்துக்கொண்டது. அதற்கு அழுகை வந்துவிட்டது.

பேச்சுக் கேட்டு ஆமை தலையை நீட்டியது. “அடப்பாவமே! அந்தத் தேதியை நான் என் ஆயுசை வெச்சுல்ல போட்டேன்? எனக்கு ஒரு வருஷம்ங்கிறது ஒரு கொட்டாவி. வயசான நாய்க்கு அது எவ்வளவு பெரிய காலம்!”

அன்றே சட்டம் மாறியது. செவலைக்குக் கொன்றை பூக்கும்போது ஒருமுறை, ஐப்பசி மழைக்கு ஒருமுறை.

சித்திரை வந்தது. கொன்றை மரத்தடியில் செவலை படுத்திருந்தது. மூக்கில் ஒரு பூ விழ, தும்மியது.

“கிளம்பு அண்ணே, வைத்தியர் காத்திருக்கார்” என்றது சுட்டி.

“வர்றேன். இந்தத் தடவை எந்தக் காலு நொண்டுது?”

சுட்டி திருதிருவென விழித்தது. செவலை சிரித்தது. “கண்ணுதான் மங்கல், தங்கச்சி. காது நல்லாக் கேட்கும். முள்ளு ஏறின காலு அப்படி மாறி மாறியா தட்டும்?”

வயதான நாயை நேசிப்பவர்கள், அது தன் நோயைக் காட்டும்வரை காத்திராமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் உடம்பையும் இரத்தத்தையும் சோதித்துவிட வேண்டும்.