சி டிரைவில் இருந்த ஆறு வருஷம்

கதை சின்னதுதான், ஆனால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவசரப்படாமல் கேளுங்கள்.

தூத்துக்குடியில் பிபியானா என்றொரு பள்ளி ஆசிரியை, உப்பளத்துப் பெண்களைப் பற்றி ஆறு வருஷமாக ஆய்வேடு எழுதினாள். ஒவ்வொருத்தியிடமும் வெயிலில் உட்கார்ந்து கேட்டு எழுதியது. அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. அந்த நேரம் பார்த்துத்தானா, அச்சுக்கடைக்குப் போய்வந்த பென்டிரைவ் வழியாகக் கணினியில் வைரஸ் ஏற வேண்டும்? பென்டிரைவில் இருந்த பிரதியைத் தின்றுவிட்டுத்தான் உள்ளேயே வந்தது.

திங்களன்று பழுது பார்க்கும் பொன்பாண்டியிடம் கணினியைக் கொடுத்தாள். கெட்டிக்காரன், அன்றே வைரஸை ஒழித்துவிட்டான். ஆனால் அது போகிற போக்கில் விண்டோஸின் கோப்புகளைக் குதறியிருந்தது. கணினி எழுந்திருக்கவே மாட்டேன் என்றது.

“கெட்டுப்போன ஃபைலை மட்டும் ஒண்ணொண்ணா மாத்தணும்க்கா. ரெண்டு நாள் ஆவும். உள்ள இருக்கது எதும் போவாது,” என்றான்.

“என் ஆறு வருஷ ஆய்வேடு அதுக்குள்ளதான் இருக்கு தம்பி. எதுன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க.”

ரசீதில் அவள் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டான்.

மறுநாள் அவள் பள்ளியில் இருந்தபோது கணவன் ஜெரால்டு கடைக்கு வந்தான். கொடைக்கானல் போய்வந்த போட்டோக்களைச் சாயங்காலமே கூட்டாளிகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

“அப்படின்னா சி டிரைவை அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போடணும் அண்ணாச்சி. சி-ல முக்கியமா எதும் இருக்கா?” என்று கேட்டான் பொன்பாண்டி.

“என் போட்டோவெல்லாம் டி-ல இருக்கு. அது போவாதுல்லா?”

“அது போவாது.”

“அப்பப் போடு.”

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று கேட்டிருப்பீர்கள். இங்கே நெய்யும் பெண்டாட்டியுடையதுதான்.

பிபியானா ஆய்வேட்டைத் திரையில் கண்ணில் படுகிற இடத்திலேயே வைத்திருந்தாள். அந்த இடமும் சி டிரைவில்தான் சேர்த்தி என்பது கணினிக்காரர்களுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அழித்த இடத்தின் மேலேயே புது விண்டோஸ் பதிந்துவிட்டதால் எவ்வளவு தோண்டியும் கிடைக்கவில்லை.

“எனக்கென்ன தெரியும், அவன்தான அழிச்சான்?” என்றான் ஜெரால்டு. “அண்ணாச்சி சொல்லித்தானக்கா செஞ்சேன்,” என்றான் பொன்பாண்டி. ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்: அவள் இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டுமாம்!

போடச் சொன்ன ஜெரால்டு, அழித்த பொன்பாண்டி, பறிகொடுத்த பிபியானா. இந்த மூவரில் பெரிய குற்றம் யாருடையது?

விடை: பொன்பாண்டியுடையது. பிபியானா பிரதி எடுத்துத்தான் வைத்திருந்தாள். அதையும் வைரஸ் தின்றது. ஜெரால்டு தன் போட்டோவைப் பற்றி மட்டும் கேட்டான். பெண்டாட்டி என்ன எழுதுகிறாள் என்று ஆறு வருஷத்தில் ஒருநாளும் விசாரிக்காதவனுக்கு, அது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஈரமில்லாத நெஞ்சு, அவனை மன்னிக்க வேண்டாம். ஆனால் உள்ளே இருப்பது என்ன, அழிந்தால் போவது எது என்று இரண்டும் தெரிந்தவன் பொன்பாண்டி ஒருவன்தான். புருஷன் தலையாட்டிவிட்டால் பெண்டாட்டியை எதற்குக் கேட்க வேண்டும் என்று அவனும் ஊரைப் போலவே நினைத்தான். வெள்ளிக்கிழமை அவள் பதிவு ரத்தானது. அதைச் சொல்லி அழக்கூட அந்த வீட்டில் அவளுக்கு ஆள் இல்லை.