ராக்காயி கேட்ட கைப்பிடிக் கம்பி

ராக்காயிக்கு நடந்தது அநியாயம். பக்கவாதத்தில் ஒரு கால் இழுத்துக்கொண்ட அவரைப் போன்றவர்கள் நடந்து தேறத்தான் மருத்துவமனையில் தோட்டமே போட்டார்கள். அந்தத் தோட்டத்துக்குள் அவரால் இறங்க முடியவில்லை. மருத்துவமனை இருப்பது பழைய அரண்மனையில். தோட்டத்துக்குப் போகும் கருங்கல் படிகள் தேய்ந்து வழவழவென்று கிடந்தன. பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதித்தால் போதும். புராதனக் கட்டடக் குழுத் தலைவர் குலசேகரன் விட்டால்தானே!

"ராஜா காலத்துல யாரு கம்பியப் பிடிச்சு நடந்தா? அரண்மனை அழகே போயிரும். நிமிர்ந்து இறங்கணும், அவ்வளவுதான். மனசு வேணும்."

மனசு இருந்தால் மரத்த கால் நடந்துவிடுமா? இவரிடம் யார் வாதாடுவது?

தலைவர் பார்வையிட வந்த அன்று, அவர் உத்தரவுப்படியே அந்தப் படிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஈரம்கூடக் காயவில்லை. சக்கர நாற்காலியில் காத்திருந்த ராக்காயி கும்பிட்டார்.

"அய்யா, நிமிர்ந்து இறங்குறது எப்படின்னு ஒரு தடவை காட்டுங்க. பாத்துக் கத்துக்கிறேன்."

தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்து, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே இறங்கினார். இரண்டாம் படியிலேயே செருப்பு வழுக்கியது. கை சுவருக்குப் போனது. அப்புறம் கடைசிப் படிவரை அது சுவரை விடவே இல்லை.

கீழே நின்று, சுண்ணாம்புக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "பாத்தியாம்மா, எவ்வளவு சுலபம்?" என்றார்.

மேலிருந்து கீழ்வரை சுவரில் அவருடைய கை வரிசையாகப் பதிந்திருந்தது.

"பாத்தேன் அய்யா," என்றார் ராக்காயி. "கொத்தனார வரச் சொல்லுங்க. கம்பி எங்கெங்க வேணும்னு நீங்களே அடையாளம் வச்சுக் குடுத்துட்டீங்க."