பட்டியை ஒழித்த ராஜா

என் பெயர் இன்பராஜ். வயது இருபத்திரண்டு. இருப்பது ஷார்ஜாவில். ஊரில் இருக்கும் தம்பி கேட்டதற்காக எழுதிய கதை இது.

முன்னொரு காலத்தில், காலையில் கண் விழித்ததும் ராஜாக்களுக்கு ஏதாவது தோன்றிவிடும் காலத்தில், மகுடேந்திரன் என்று ஒரு ராஜா இருந்தார். அவர் சபையில் விகடகவி இடும்பன். ஊர் செவலைப்பட்டி.

ஒரு நாள் பக்கத்து நாட்டுத் தூதன், "உங்கள் நாட்டில் எந்த ஊரைக் கேட்டாலும் ஏதோ ஒரு பட்டி என்கிறார்களே! பட்டி என்றால் மாடு அடைக்கிற இடம் அல்லவா?" என்று சிரித்துவிட்டுப் போனான். ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இடும்பனைக் கண்டாலே வயிறெரியும் மந்திரி சந்திரசூடர் எழுந்தார். "மன்னா, எல்லா ஊரும் இனிப் புரம் ஆகட்டும். பட்டி ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இக்கணம் முதல் அந்தச் சொல்லை உச்சரிப்பவர் யாராயினும், சபையில் நாலுகாலில் நின்று மாடுபோல் கத்திவிட்டு வேலையை விட்டுப் போக வேண்டும்!"

"அப்படியே ஆகட்டும்!" என்றார் ராஜா.

மந்திரி இனிமையாகத் திரும்பினார். "விகடகவியாரே, தங்கள் ஊர் எதுவோ?"

பெயரைச் சொன்னால் இடும்பனுக்கு வேலை போய்விடும். இந்த வேலையை நம்பித்தான் ஊரை விட்டு வந்திருந்தான். "எங்க அம்மா இருக்கிற ஊருங்க. ராஜா உத்தரவ நானே போய் நிறைவேத்திட்டு வந்துடறேனுங்க."

அந்த நாட்டில் ஊருக்கு ஊர் முள்வேலி போட்ட பட்டி உண்டு. ஊர் மாடுகள் அடைவதும் அங்கே. பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பதும் அங்கே. இடும்பன் சுற்றுவட்டாரம் முழுக்க வேலிகளைப் பிரித்துப் போட்டான்.

"அடேய், மாடெல்லாம் எங்கடா போகும்?" என்று கத்தினாள் அம்மா.

"ராஜா வீட்டுக்குத்தாம்மா. உத்தரவு போட்டவருதானே பாத்துக்கணும்?"

ஓட்டை விழுந்த தவிட்டு மூட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தலைநகருக்கு நடந்தான். மாடுகள் பின்னாலேயே வந்தன.

ராணியின் மல்லிகைப் பந்தல் போனது. வாழைத் தோட்டம் போனது. எருமை ஒன்று தாமரைக் குளத்தில் இறங்கிப் படுத்துவிட்டது. மந்திரியின் தலைப்பாகையை ஒரு செவலைக் காளை நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

"என்ன வேடிக்கை பார்க்கிறீர்கள்? பிடித்துப் பட்டியில் அடையுங்கள்!" என்று அலறினார் ராஜா.

சபையே இடும்பன் பக்கம் திரும்பியது.

இடும்பன் கைகட்டி நின்றான். "எங்க அடைக்கிறதுங்க மகாராஜா? சுத்துவட்டாரத்துல ஒண்ணுகூட மிஞ்சலையே! மொதல்ல மாட்டுக்கு வேலி போட்டாங்க. மாட்டைப் பாத்துக்க ஆளுங்க பக்கத்துல குடிசை போட்டாங்க. அப்படித்தானுங்க எங்க ஊரே வந்துச்சு. வேலி போனதும் மாடு இங்க வந்துருச்சு. ஊரும் பின்னாலயே வரும். எங்க அம்மா கெளம்பிட்டா. அப்புறமுங்க, அந்தச் சொல்லைச் சொன்னவங்க வேலையை விட்டுப் போகணும்னு..."

"பொய்! மன்னர் பட்டி என்று சொல்லவே இல்லை!" என்று பாய்ந்தார் மந்திரி. சொல்லி முடித்த பிறகுதான் வாயைப் பொத்தினார்.

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி ராஜாவைப் பார்த்தார். ராஜாவின் தொந்தி குலுங்க ஆரம்பித்தது. சிரித்துச் சிரித்துக் கீழே விழுந்தவர், விழுந்த இடத்திலேயே நாலுகாலில் நின்று, "ம்ம்மா!" என்று கத்தினார். பக்கத்தில் மந்திரியும் கத்தினார். காளை மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பதில் கொடுத்தது.

"வேலையை விட்டுப் போக வேண்டியதில்லை. ஊர்ப் பெயர்களும் பழையபடியே இருக்கட்டும்," என்று எழுந்தார் ராஜா. தன் கைக் காப்பைக் கழற்றி இடும்பனுக்குப் போட்டார். "வேறு என்ன வேண்டும்?"

"வேலி கட்ட ஆளு வேணுங்க."

ஆள் கிடைத்தார். செவலைப்பட்டிக்கு முள்ளு சுமந்து போனவர் சாட்சாத் சந்திரசூடரேதான்.

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும், தம்பிக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். ராஜா கத்துகிற இடத்தில் நீங்களும் கத்துங்கள்.