மேற்குச் சுவர்

மலையடி மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேருகிறவருக்கு முதலில் காவி கொடுக்க மாட்டார்கள், ஒரு சுவரைக் கொடுப்பார்கள். மேலிருந்து கீழ்வரை தொட்டிகள் தொங்கும் சுவர். குருபூஜையன்று அதில் பூத்த பூவைத்தான் குருவின் சமாதியில் வைக்க வேண்டும். அன்றைக்குத்தான் காவி.

கோமதிநாயகம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவருக்குக் கிடைத்தது மேற்குச் சுவர்.

மடத்தின் தலைவி வடிவம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். எப்போதும் வெள்ளைச் சேலைதான் கட்டுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இரண்டு வருஷமாகக் கோமதிநாயகம் வைத்த காசித்தும்பையெல்லாம் வெயிலில் கருகிப்போனது. அதே நாற்று கிழக்குச் சுவரில் வேறொருவர் கையில் பூத்துக் குலுங்கியது. அவருக்குப் பொறுக்கவில்லை. நேராகத் தலைவியிடம் போனார்.

"எனக்குக் கிழக்குச் சுவரைக் குடுங்கம்மா. இல்லைன்னா நான் ஊருக்கே போயிடறேன்."

வடிவம்மை அன்று பிற்பகல் வெயில் உச்சத்தில் இருந்தபோது அவரை மேற்குச் சுவருக்குக் கூட்டிப்போனார். தொட்டிகளுக்குக் கீழே சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்.

"நீங்களும் சாஞ்சுக்கோங்க ஐயா."

வெற்று முதுகைச் சாய்த்த கோமதிநாயகம் துள்ளி எழுந்தார்.

"உங்களுக்குச் சுடலையாம்மா?"

"பழகிப்போச்சு. நீங்க எந்திரிச்சுட்டீங்க. உங்க காசித்தும்பை எங்க எந்திரிச்சுப் போகும்?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. செடிகளை நினைத்து வருத்தமாகவும் இருந்தது.

"அப்ப இங்க வேற என்னத்த வைக்க?"

"நீங்க வைக்காம இங்க என்ன வருது?"

"ஒண்ணுமில்ல. விரிசல்ல நித்தியகல்யாணி முளைக்கும். சுடுகாட்டுப் பூவாச்சேன்னு பிடுங்கிப் போட்டுடுவேன்."

வடிவம்மை எழுந்து போய்விட்டார்.

அன்றோடு கோமதிநாயகம் பிடுங்குவதை விட்டார். பிறகு அந்தச் செடிகளைத் தன் கையாலேயே தொட்டிகளில் நட்டார்.

குருபூஜை வந்தது. மேற்குச் சுவரில் சுவரே தெரியவில்லை. வெள்ளையும் ரோஸுமாகப் பூதான் தெரிந்தது. ஜீப்பில் போன காலத்தில்கூட இல்லாத மிடுக்கோடு அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"போயும் போயும் சுடுகாட்டுப் பூவா?" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"என் சுவர்ல பூத்த பூ!" என்றார் கோமதிநாயகம். மண்டபம் முழுக்கக் கேட்டது.

வடிவம்மை விலகி வழிவிட்டார். பூவை வைத்துவிட்டு வந்தவரிடம் காவியை நீட்டினார்.

"அன்னைக்கு ஏம்மா எனக்குக் கிழக்குச் சுவரைத் தரல?"

"என் குரு எனக்குக் குடுத்ததும் அந்த மேற்குச் சுவர்தான் ஐயா. நானும் விரிசல்ல வந்ததைப் பிடுங்கித்தான் போட்டேன்."

வடிவம்மை தன் வெள்ளைச் சேலையின் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். அவர் முகமெல்லாம் பெருமை.

"எனக்கு அது பூக்கவே இல்ல."