நறுக்கி தன் வீட்டுச் சரத்தை அறுத்த கதை

அந்தக் காலத்தில், உடம்புக்குள் இருக்கும் செல் ஒவ்வொன்றும் ஒரு வீடாக இருந்தது. உள்ளே வேலை செய்த நொதிகள் எல்லாம் வாய் திறந்து பேசின. இப்போது பேசுவதில்லை, பாவம், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

எல்லா வீட்டிலும் இருப்பதுபோல, தொண்டையோரத்து வீடு ஒன்றிலும் நறுக்கி என்றொரு நொதி இருந்தாள். அந்த வீட்டின் உள்ளறையிலிருந்து பூச்சரங்கள் மிதந்து வந்துகொண்டே இருக்கும். நாலே வகைப் பூ. எந்தப் பூவுக்குப் பின் எந்தப் பூ என்று பார்த்துத்தான் சமையல்காரர்கள் சமைப்பார்கள். கைக்கு வந்த சரம் யாருடையது என்று கேட்கும் வழக்கமே அங்கே இல்லை. கேட்டால் மரியாதைக் குறைவாம்! நறுக்கியிடம் ஒரு கத்தி உண்டு. அதற்கு வேலை வராததால் அவள் எந்நேரமும் தூங்கினாள். அவள் கனவெல்லாம் அந்தச் சரங்களின் வாசம்தான்.

ஒருநாள் வாசலுக்கு ஒரு விருந்தாளி வந்தது. பேர் வைரஸ். உள்ளே வந்து சட்டையைக் கழற்றியது. சட்டைக்குள் ஆளே இல்லை; ஒரு சரம் மட்டும் இருந்தது.

சமையல்காரர்கள் அதையும் பார்த்துச் சமைத்தார்கள். சமைக்கச் சமைக்க அதே மாதிரிச் சரங்கள் பெருகின, அதே மாதிரிச் சட்டைகள் குவிந்தன. வீட்டுக்கு மூச்சு முட்டியது.

வருகிற சரத்தையெல்லாம் தொட்டுப் பார்க்கும் தடவி என்ற நொதி ஓடி வந்து நறுக்கியை உலுக்கினான்.

“அக்கா, எந்திரி! நம்ம சரம் எல்லாம் ஒத்தை. இது பெருகறப்போ ரெண்டு ரெண்டா முறுக்கிக்கிட்டுக் கிடக்கு. நம்ம வீட்டுது இல்லக்கா!”

நறுக்கி எழுந்து கத்தியைப் பார்த்தாள். “என் கத்திக்கு யாருதுன்னு பார்த்து அறுக்கத் தெரியாதுடா. ஆரம்பிச்சா நம்ம சரமும் போயிடும். அடுப்பு அணைஞ்சு வீடே விழுந்திடும்.”

“அறுக்கலேன்னா?”

அவள் வெளியே பார்த்தாள். இளஞ்சிவப்பு வெளிச்சத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வீடுகள். எல்லா வீட்டுக் கதவும் திறந்தே கிடந்தது. இங்கே புதுச் சரங்கள் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றன.

“பக்கத்து வீட்டக்கா!” என்று கூவினாள். “கதவைச் சாத்துங்க. உங்க நறுக்கியை எழுப்பி வைங்க. அடுத்தடுத்த வீட்டுக்கும் சொல்லிவிடுங்க!”

“நீங்க வரலையா?”

“நாங்க இங்கேயே இருந்துக்கறோம்.”

பிறகு அறுத்தாள். விருந்தாளியின் சரங்கள் அறுந்தன. சொந்தச் சரங்களும் அறுந்தன. கடைசியாக உள்ளறையிலிருந்து புதுச் சரம் ஒன்று அவள் கனவின் வாசத்தோடு மிதந்து வந்தது. அழுதுகொண்டே அதையும் அறுத்தாள். பூக்கள் மெல்ல உதிர்ந்தன, அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. விருந்தாளியை வெளியே விடாமல் வீடு அப்படியே சாய்ந்து படுத்தது.

அவள் சொன்ன சேதி வீடு வீடாகப் போனது. போன வழியெல்லாம் உடம்பு சுட்டது, கதவுகள் சாத்திக்கொண்டன.

அன்று முதல்தான், காய்ச்சல் வந்தால் நம் உடம்பு அடித்துப் போட்டது போல் கிடக்கிறது. எங்கோ ஒரு சின்ன வீட்டில், பக்கத்து வீடு பிழைக்கட்டும் என்று, நறுக்கி தன் சரத்தைத் தானே அறுத்துக்கொண்டிருக்கிறாள்.